அச்சமும் எள்ளலும் அழுகையும்: 'கோஜிரா' திரைப்படத்தைக் கண்டோரின் கருத்துகள் – ஒரு மெய்ப்பாட்டியல் நோக்கு

1. முன்னுரை

ஜப்பானின் டோஹோ நிறுவனம் தயாரித்து, இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கோஜிரா' 1954 நவம்பர் 3 ஆம் நாள் வெளியிடப்பட்டது. பேருருக்கொண்ட விலங்கொன்று கடலிலிருந்து எழுந்து டோக்கியோ நகரை அழிப்பதே அதன் கதை. முதல் வெளியீட்டிலேயே ஏறத்தாழ 96 இலட்சம் பேர் அதனைக் கண்டனர் என்று கணக்கிடப்படுகிறது. அரங்குகளில் சிலர் கண்ணீர் சிந்தினர் என்ற செய்தியும் பதிவாகியுள்ளது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அப்படம் வெட்டித் திருத்தப்பட்டு, 'காட்ஸில்லா' என்ற பெயர் தாங்கி அமெரிக்காவில் வெளிவந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் திரை விமர்சகர் பாஸ்லி க்ரவுதர் அதனை மிகக் கடுமையாக எள்ளி எழுதினார். 'கிங் காங்' படத்தின் மலிவான போலி என்பதும், விளையாட்டுப் பொருள்களை உடைத்துக் காட்டும் வேடிக்கை என்பதும் அவர் கருத்தின் சாரம்.

ஒரே விலங்கு, ஒரே நகரம், ஒரே அழிவு. ஓரிடத்தில் அழுகையையும் மற்றோரிடத்தில் எள்ளலையும் அது தோற்றுவித்தது. இவ்வேறுபாட்டினை இரு நாட்டினரின் சுவை வேறுபாடு என்றோ, படத்தின் தொழில்நுட்பக் குறைபாடு என்றோ விளக்கி அமைவது வழக்கம். அவ்விளக்கம் போதுமானதன்று. காண்போரின் கருத்து, அவர்கள் அரங்கினுள் கொண்டுவரும் நினைவும் அரங்கில் அவர்களிடம் ஒப்படைக்கப்படும் பொருளும் சேர்ந்து உருவாவது. இவ்விரண்டில் ஒன்று மறைக்கப்படின் கருத்தும் திரியும். இதனைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

2. மெய்ப்பாடும் காண்போரும்

மெய்ப்பாட்டியல் முதன்மையாகச் செய்யுள் பற்றியது. எனினும் அதன் உரையாசிரியர்கள் மெய்ப்பாட்டினை நாடக வழக்கோடு இயைத்தே விளக்கினர். நடிப்போனிடம் நிகழ்ந்தது காண்போரைச் சென்றடைவதே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தினை இளம்பூரணர் எடுத்துக்காட்டுகிறார். காட்சிக்கலையின் வெற்றி மேடையில் மட்டும் முடிவதன்று, காண்போரிடத்தே முற்றுப்பெறுவது என்பது இதன் பொருள். திரைப்படத்திற்கும் இக்கருத்து பொருந்துவதாகும்.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் தொல்காப்பியர் நந்நான்கு நிலைக்களன்களை வகுத்தார். இவ்வாய்வுக்கு அவற்றுள் மூன்று இன்றியமையாதவை. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினின்று பிறக்கும். நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவற்றால் தோன்றும். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவற்றால் தோன்றும். அழுகை தன் இழவினாலும் பிறன் இழவினாலும் நிகழக்கூடும் என்னும் பேராசிரியர் உரைக்குறிப்பு இக்கட்டுரையின் இறுதிப் பகுதிக்கு அடிப்படையாகிறது.

இப்பகுப்பின் பயன் ஒன்று உண்டு. 'படம் அச்சமூட்டியது' அல்லது 'அச்சமூட்டவில்லை' என்னும் பொதுக் கருத்தினை, 'எதனின்று பிறந்த அச்சம்' என்னும் நுண்ணிய வினாவாக அது மாற்றித் தருகிறது.

3. 1954 ஆம் ஆண்டின் காண்போர்

1954 மார்ச் 1 ஆம் நாள் பசிபிக் பெருங்கடலின் பிக்கினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றினை வெடித்துச் சோதித்தது. அதன் ஆற்றல் 15 மெகாடன். யாயிசு துறைமுகத்தைச் சேர்ந்த 'டைகோ ஃபுகுரியு மாரு' என்னும் சூரைமீன் பிடிபடகிலிருந்த 23 பேர்மீது கதிரியக்கச் சாம்பல் படிந்தது. படகின் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 ஆம் நாள் உயிரிழந்தார். கதிரியக்கம் படிந்த மீன்கள் புதைக்கப்பட்டன. மழைநீரும் அச்சத்திற்குரியதாயிற்று. டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் தொடங்கிய ஹைட்ரஜன் குண்டு எதிர்ப்புக் கையெழுத்து இயக்கம், அடுத்த ஆண்டிற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது.

குபோயாமா இறந்து ஆறு வாரங்களுக்குள் 'கோஜிரா' திரைக்கு வந்தது. கடலில் செல்லும் கப்பலொன்று திடீரென எழும் ஒளியால் அழிவதே படத்தின் தொடக்கம். அக்காலத்து ஜப்பானியர் எவருக்கும் அக்காட்சிக்கு உரை தேவைப்பட்டிருக்காது. பின்னர் வரும் தொடர்வண்டிக் காட்சியில் ஒரு பெண், கதிரியக்கம் படிந்த மீனையும் மழையையும் பற்றிச் சலித்துக்கொண்டு, நாகசாகியில் தப்பிய தன் உயிரைப் பற்றியும் பேசுகிறாள். அவள் குரலில் ஓலமில்லை. அன்றாடத் தொல்லையைப் பற்றிப் பேசுவார்போல அவள் பேசுவதே அக்காட்சியைத் தாங்கமுடியாததாக்குகிறது.

எரியும் டோக்கியோவின் காட்சி, 1945 மார்ச் 10 ஆம் நாள் ஓரிரவில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரைக் கொன்ற வான்குண்டு வீச்சினை நினைவூட்டியது. நிகழ்வுக்கும் படத்துக்கும் இடையே கடந்தவை ஒன்பது ஆண்டுகளே. இடிபாடுகளிடையே குழந்தைகளை அணைத்து அமர்ந்திருக்கும் தாய், விரைவில் தந்தையிடம் சென்றுவிடலாம் என்று அவர்களைத் தேற்றுகிறாள். தந்தை போரில் மாண்டவர் என்று படம் கூறவில்லை. காண்போர் தாமே அதனை நிரப்பிக்கொண்டனர். மருத்துவமனையில் குழந்தை ஒன்றின் அருகே கதிரியக்கமானி கொண்டுசெல்லப்படும் காட்சியும் இத்தகையதே.

இக்காட்சிகளின் அழுகை இழவினின்று பிறந்தது. அந்த இழவு கதைமாந்தருடையது மட்டுமன்று, காண்போருடையதும் ஆகும். நடிப்போனிடமிருந்து காண்போருக்குச் செல்லும் வழி இங்குக் குறுகியது. ஆயினும் அன்றைய ஜப்பானிய விமர்சகர் அனைவரும் படத்தைப் போற்றினர் என்று கொள்ளலாகாது. நாட்டின் துயரினை வணிகப் பொருளாக்கியது என்ற கண்டனமும் எழுந்தது. அக்கண்டனமும் ஒரு சான்றாகும். துயரினை விற்றார் என்று குறைகூறுவோர், படத்தில் துயர் இருப்பதை முதலில் ஒப்புக்கொள்கின்றனர்.

4. அச்சத்தின் மூன்று நிலைக்களன்கள்

மெய்ப்பாட்டியல் கூறும் நான்கனுள் கள்வர் ஒழிந்த மூன்றும் 'கோஜிரா'வில் ஒருங்கே அமைந்துள்ளன.

முதலாவது, அணங்கு. ஓடோ என்னும் கற்பனைத் தீவின் முதியவர் ஒருவர், 'கோஜிரா' என்பது தம் முன்னோர் அஞ்சிய கடல் தெய்வத்தின் பெயர் என்கிறார். மீன்வளம் குன்றிய காலத்தில் இளம்பெண்களைப் பலியாக விடுத்த பழங்கதையும், அதன் எச்சமாகத் தொடரும் சடங்கு ஆடலும் காட்டப்படுகின்றன. விலங்கு தோன்றுமுன் அதன் பெயர் தோன்றிவிடுகிறது.

இரண்டாவது, விலங்கு. தொல்லுயிரியல் அறிஞர் யமானே அதனைப் பண்டைக்கால உயிரினத்தின் எச்சமென விளக்குகிறார். அணுகுண்டுச் சோதனையே அதன் உறைவிடத்தைக் கலைத்தது என்பது அவர் முடிபு. எய்ஜி சுபுராயா அமைத்த சிறப்புக் காட்சிகளில் கனத்த உடையினுள் நின்று ஹருவோ நகாஜிமா அவ்விலங்காக நடித்தார். சுபுராயா 'கிங் காங்' போன்று படிப்படியாக அசையும் பொம்மைமுறையை விரும்பினார். காலமும் பொருளும் இடந்தராமையால் உடையணிந்து நடிக்கும் முறை மேற்கொள்ளப்பட்டது.

மூன்றாவது, இறை. இச்சொல் அரசன் முதலாகத் தன்மேல் ஆணை செலுத்துவோரைக் குறிக்கும். பகைவருக்கு அஞ்சுதல் வேறு, தன்னைக் காக்க வேண்டியவருக்கு அஞ்சுதல் வேறு. படத்தின் நாடாளுமன்றக் காட்சியில், விலங்கு பற்றிய செய்தியை வெளியிட்டால் அயலுறவு பாதிக்கப்படும் என்று ஆளும் தரப்பு வாதிடுகிறது. உண்மையை மறைக்காதே என்று பெண் உறுப்பினர் கொதித்தெழுகிறார். குண்டினை வெடித்த வல்லரசின் பெயரைப் படம் எங்கும் கூறவில்லை. பெயர் கூறாமையே அதிகாரத்தின்மீதான அச்சத்தின் மெய்ப்பாடாகிறது. போரில் ஒரு கண்ணிழந்த அறிவியலாளர் செரிசாவா, தாம் கண்டறிந்த அழிவுக்கருவி ஆட்சியாளர் கையிற் சிக்கும் என்றே அஞ்சுகிறார். குறிப்புகளை எரித்துவிட்டு, கருவியைக் கடலடியில் இயக்கித் தாமும் விலங்கோடு மாய்கிறார்.

இம்மூன்றனுள் படத்தைத் தாங்கி நிற்பது இறையச்சமே. இங்கு அச்சொல் கடவுளச்சத்தைக் குறிக்கவில்லை, ஆணையுடையோர்மீதான அச்சத்தையே குறிக்கிறது. சோதனைகள் தொடர்ந்தால் உலகின் வேறோரிடத்தில் இன்னொரு கோஜிரா தோன்றக்கூடும் என்னும் யமானேயின் இறுதிக் கவலையும் அதனைச் சார்ந்ததே.

5. 1956 ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை

ஜப்பானிய மூலம் 96 நிமிடங்கள் ஓடுவது, அமெரிக்கப் பதிப்பு 80 நிமிடங்கள். அந்த 80 நிமிடங்களுள்ளும் டெர்ரி மோர்ஸ் இயக்கிய புதிய காட்சிகள் அடங்கும். ஆதலின் நீக்கப்பட்ட பகுதி பதினாறு நிமிடங்களைக் காட்டிலும் மிகுதி. புதிய காட்சிகளில் ரேமண்ட் பர், ஸ்டீவ் மார்ட்டின் என்னும் அமெரிக்கச் செய்தியாளராக நடித்தார்.

நீக்கப்பட்டவை எவை என்பதே வினா. நாகசாகியைப் பற்றிய பெண்ணின் பேச்சு இல்லை. செய்தியை மறைப்பது பற்றிய நாடாளுமன்றச் சொற்போர் இல்லை. யமானேயின் இறுதி எச்சரிக்கை இல்லை. அதற்கு மாறாக, இடர் நீங்கியது, உலகம் மீண்டும் வாழலாம் என்னும் அமைதி மொழியோடு மார்ட்டின் முடித்துவைக்கிறார். ஹைட்ரஜன் குண்டு பற்றிய குறிப்பு முற்றிலும் நீக்கப்படவில்லை என்பதும் நேர்மையோடு கூறத்தக்கது. குண்டு எஞ்சியது. குண்டுக்கு அஞ்சியோரின் குரலே அகற்றப்பட்டது.

மார்ட்டினின் வரவு இதனினும் ஆழமான மாற்றம். அவர் நிகழ்வுகளைச் சாளரத்தினூடே காண்கிறார், ஒலிப்பதிவுக் கருவியில் விவரிக்கிறார். ஜப்பானிய உரையாடல் பல இடங்களில் மொழிமாற்றமின்றி விடப்பட்டு, உடனிருப்பவர் ஒருவர் அவருக்குச் சுருக்கிச் சொல்கிறார். படத்தினுள்ளேயே ஒரு காண்போன் அமர்த்தப்பட்டுவிட்டான். அரங்கிலுள்ளோர் பாதிக்கப்பட்டோரைக் காண்பதில்லை, பாதிக்கப்பட்டோரைக் காணும் ஒருவரையே காண்கின்றனர். செயிற்றியனார் கூறிய வழியின் நடுவே ஒரு திரை விழுந்துவிட்டது.

6. எள்ளல் தோன்றிய வழி

இறையச்சம் நீங்கியபின் எஞ்சுவன பழங்கதை அணங்கும், கடலினின்று வரும் விலங்குமே. அயல்நாட்டுத் தெய்வக்கதை அயலாருக்கு அணங்காகாது, விந்தையாகவே நிற்கும். ஆகவே அச்சத்தின் முழுப்பொறையும் விலங்கின் தோள்மீது விழுந்தது. அத்தோளோ ஆடையால் ஆனது. ஆடையென்பது தெரிந்த கணத்தில் அச்சம் எள்ளலாயிற்று. ஜப்பானிய அரங்குகளில் இருந்தோரும் அதே ஆடையைத்தான் கண்டனர். அவர்கள் அஞ்சியது ஆடைக்கன்று என்பதால் ஆடையின் குறை அவர்களைத் தடுக்கவில்லை.

இக்கருத்துக்கு இரு தடைகள் எழலாம். மூலப்படத்தைக் கண்டோர் அனைவரும் அதனைப் போற்றினரா என்பது முதல் தடை. 2004 இல் மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியிடப்பட்டபோது விமர்சகர் பலர் வியந்து வரவேற்றனர். ரோஜர் ஈபர்ட் உடன்படவில்லை. வெட்டுண்ட பதிப்பினைப் போன்றே மூலமும் பேதைமையுடையது என்றார். ஆனால் குறிப்பறிந்து நோக்கின் அது தன் காலத்தின் அரசியல் கண்டனப் படமாகும் என்றும் சேர்த்தே எழுதினார். தொல்காப்பியச் சொற்களில் கூறின், நகை மாறவில்லை, அதன் நிலைக்களன் எள்ளலினின்று பேதைமைக்குப் பெயர்ந்தது. க்ரவுதர் எழுத வாய்ப்பே இல்லாத பிற்பாதியை ஈபர்ட் எழுத முடிந்தது, மறைக்கப்பட்ட பொருள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டமையால். முழுமையான மூலம் கருத்தொருமையைத் தருவதில்லை. மாறுபடுவதற்குரிய நேர்மையான அடிப்படையைத் தருகிறது.

ஜப்பானியரும் பின்னாளில் இவ்விலங்கைக் கண்டு நகைக்கவில்லையா என்பது இரண்டாம் தடை. நகைத்தனர். 1962 இல் கிங் காங்கோடு மோதும் வேடிக்கைப் போராளியாகவும், 1967 இல் குட்டியை வளர்க்கும் தந்தையாகவும் கோஜிரா மாறியது. சிறுவர் அதனை விரும்பினர். ஆயினும் அந்நகை எள்ளலன்று, இளமை பற்றியது. அச்சத்தை அறிந்த தலைமுறை தன் குழந்தைகளுக்கு அதனை விளையாட்டாக்கித் தந்த செயல் அது. அஞ்சியபின் நகைப்பதும், அஞ்ச வாய்ப்பின்றி நகைப்பதும் ஒன்றல்ல.

7. தன் இழவும் பிறன் இழவும்

இதுகாறும் கூறியவை மூலப்படத்தின் சார்பான வழக்குரையாகத் தோன்றலாம். மூலப்படமும் ஒன்றினை மறைக்கிறது என்பதைச் சொல்லாதுவிடின் ஆய்வு குறைபடும்.

கோஜிராவைப் பசிபிக் கடலில் மாண்ட ஜப்பானியப் படைவீரரின் ஆவியாகக் காணும் வாசிப்பினை விமர்சகர் சபுரோ கவமோட்டோ முன்வைத்தார். நாடாளுமன்றத்தைத் தகர்க்கும் விலங்கு பேரரசரின் அரண்மனையைத் தீண்டாது திரும்புவதை அவர் சுட்டினார். இவ்வாசிப்பினை ஏற்பின், படம் கொல்லப்பட்டோருக்கான இரங்கலாகிறது. ஆனால் அவ்வீரர்களால் கொல்லப்பட்டோர் எங்கே என்னும் வினா உடனே எழுகிறது. ஹோண்டா சீனாவில் போர்ப்பணியாற்றி மீண்டவர், தாயகம் திரும்பியபோது ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டவர். படத்தில் ஹிரோஷிமாவின் நிழல் உண்டு, சீனாவின் நிழல் இல்லை.

மலாயாவிலிருந்து சயாம்–பர்மா தொடர்வண்டிப் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல் ஒருவர் இப்படத்தைக் காணின் அவர் கருத்து எவ்வாறு அமையும்? 1942–43 இல் ஜப்பானியப் படையினரின் ஆணையால் அமைக்கப்பட்ட அப்பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. நோயாலும் பசியாலும் அடியாலும் அங்கு மாண்ட ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர். அவருள் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் அத்துயரைப் பதிவுசெய்தன. அந்நினைவோடு அரங்கினுள் வருபவருக்கு எள்ளலும் இயலாது, முழுமையான அழுகையும் இயலாது. இடிபாட்டில் அமர்ந்த தாய்க்கு அவர் இரங்குவார். தம் பாட்டனுக்கு இரங்குவோர் படத்தில் எவருமில்லை என்பதையும் உணர்வார்.

பேராசிரியர் உரைக்குறிப்பு இங்குப் பொருளுடையதாகிறது. 'கோஜிரா' தன் இழவுக்கான அழுகையில் நிறைவுற்ற படைப்பு. பிறன் இழவுக்கான அழுகை அதில் இல்லை. அமெரிக்கப் பதிப்போ, பிறன் இழவுக்கு அழும் வாய்ப்பினைத் தன் காண்போரிடமிருந்து பறித்தது. இரண்டு மறைப்பும் ஒரே அளவினவல்ல. தன் புண்ணைக் காட்டுபவன் பிறர் புண்ணைக் காட்டாமை ஒரு குறை. பிறர் புண்ணின்மீது திரையிட்டு அதனை விற்பது அதனினும் பெருங்குறை.

8. அண்மைக்காலக் கருத்துகள்

2011 ஆம் ஆண்டின் நிலநடுக்கம், ஆழிப்பேரலை, ஃபுகுஷிமா அணுவுலை விபத்து ஆகியவற்றுக்குப் பின்னர், ஹிடேயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் இயக்கிய 'ஷின் கோஜிரா' 2016 இல் வெளிவந்தது. கூட்டங்களில் தடுமாறும் ஆட்சியாளரே அதன் மையம். ஜப்பானில் பெருவரவேற்பும் ஜப்பான் அகாதமியின் சிறந்த படத்திற்கான பரிசும் அதற்குக் கிட்டின. நினைவும் பொருளும் ஒருங்கே வாய்த்தவிடத்து இறையச்சம் மீண்டும் உயிர்பெறுவதற்கு இது சான்று.

தகாஷி யமசாகி இயக்கிய 'கோஜிரா மைனஸ் ஒன்' 2023 நவம்பர் 3 ஆம் நாள் வெளியாகி, அடுத்த மாதம் அமெரிக்க அரங்குகளுக்கும் சென்றது. 2024 இல் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதினையும் பெற்றது. உயிர்துறக்க அனுப்பப்பட்டுத் தப்பிவந்த வானோடி ஒருவனின் குற்றவுணர்வே அதன் கரு. தன் மக்களின் உயிரை மலிவாக எண்ணிய அரசினை அப்படம் வெளிப்படையாகக் கண்டிக்கிறது. இம்முறை இடையே எந்த மார்ட்டினும் அமர்த்தப்படவில்லை. ஜப்பானியக் குரலையும் துணைத்தலைப்பினையும் கொண்டே அமெரிக்கக் காண்போர் அதனை ஏற்றனர், விமர்சகரும் போற்றினர். 1956 இல் அமெரிக்கக் காண்போரால் இயலாது என்று முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது, வாய்ப்பளித்தவுடன் இயன்றது. ஆயினும் அப்படத்திலும் ஜப்பானிய ஆட்சியில் மாண்ட பிற நாட்டினர் தோன்றுவதில்லை.

9. முடிவுரை

'கோஜிரா' பற்றிய எள்ளலைக் காண்போரின் அறியாமை என்று கடிவது எளிது, முறையன்று. அவர்களிடம் சென்றடையவேண்டியது இடையில் நிறுத்தப்பட்டது. அச்சத்தின் நிலைக்களன்களுள் இறை நீக்கப்பட்டு விலங்கு மட்டும் விடப்படின் அது நகைக்கு இடமாகும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. மொழிபெயர்ப்போர், பதிப்போர், திரையிடுவோர் ஆகியோரின் பொறுப்பு இதனால் தெளிவாகும். ஒரு மக்களின் துயரை வேறொரு மக்களிடம் கொண்டுசெல்வோர் எதனை விட்டுச்செல்கின்றனரோ, அதுவே பெறுவோரின் கருத்தைத் தீர்மானிக்கிறது.

மெய்ப்பாட்டியலுக்கும் இவ்வாய்வினால் ஒரு பயன் உண்டு. எட்டு மெய்ப்பாடுகளையும் பழம்பாடல்களுக்குப் பொருத்திக் காட்டுவதோடு அமையாது, ஒரு காட்சி ஏன் ஓரிடத்தில் அழுகையாகவும் ஓரிடத்தில் நகையாகவும் பயனுற்றது என்று வினவும் கருவியாக அதனைக் கொள்ளலாகும். அவ்வினாவை ஜப்பானியர் அமெரிக்கரிடம் எழுப்பலாம். சயாம் பாதையில் மாண்டோரின் வழியினர் அதே வினாவை ஜப்பானியரிடம் எழுப்பலாம். தம்மிடையே வாழ்ந்த பிறரின் இழவினைத் தம் படைப்புகள் எங்ஙனம் காட்டின என்று தமிழர் தம்மையே வினவிக்கொள்ளும்போதுதான் அக்கருவி முழுமையாகப் பயன்கொள்ளப்பட்டதாகும்.